மச்சான் சார் சொன்னபடி

ஈரம் பிழிந்த பழைய பனியன் துணியால் அந்தக் கைகள் மேசையைத் துடைக்கின்றன. முதலில் நீளவாக்கில், பிறகு குறுக்குவாக்கில். பேனாக்கள் செருகிய டப்பா ஜன்னல் கட்டைக்குப் போகிறது. தொலைபேசி இழுப்பறைக்குள் போகிறது. தேநீர்க் குவளை விட்டுப்போன வட்டக் கறையைக் கட்டைவிரல் நகம் சுரண்டுகிறது. மேசைமேல் எதுவுமில்லை என்றானதும், சுவரில் சாய்ந்திருக்கும் மடக்கு ஏணியைத் தூக்கி வந்து, தூங்கும் பிள்ளையைக் கிடத்துவது போல அதன்மேல் கிடத்துகின்றன. பக்கத்தில் ஒரு வெள்ளைத்தாள். தாளின்மேல் சீவிய பென்சில். இனிமேல்தான் வேலை.

இடக்கை ஏணியின் பட்டையை அவிழ்க்கிறது. வலக்கை "பட்டையை அவிழ்க்கவும்" என்று எழுதுகிறது. இடக்கை இரண்டு பாதியையும் பிரிக்கிறது. வலக்கை அதை எழுதுகிறது. இடக்கை செய்யாத எதையும் வலக்கை எழுதுவதில்லை. எழுத மறந்தால் இடக்கை பின்னால் போய், செய்ததை மறுபடி செய்கிறது.

"கை செய்யாததை வாய் சொல்லக் கூடாதும்மா" என்பது இவருடைய வேதம்.

ஏணி செய்யும் அந்தப் பட்டறையில் இவருக்குப் பெயர் மச்சான் சார். முதலாளி இவருடைய அக்காவின் கணவர். அவர் நாளெல்லாம் "மச்சான்! மச்சான்!" என்று கூப்பிட, வேலை செய்பவர்கள் மரியாதைக்கு ஒரு சாரைச் சேர்த்துக்கொண்டார்கள். இப்போது வாசல் காவலாளிக்கும் இவர் மச்சான். கூரியர் கொண்டுவருகிறவருக்கும் மச்சான். ஒருமுறை சோதனைக்கு வந்த அதிகாரி ஒருவர், முகத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு, "இங்க மச்சான் சார்னு யாரு?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ஏணியோடு ஒரு தாள் போகும். எப்படி விரிப்பது, எப்படிச் சாய்ப்பது, எப்போது ஏறக் கூடாது என்று அதில் இருக்கும். அதை எழுதுவது பட்டறை ஆள் அல்ல. வீட்டிலிருந்தபடி பல கம்பெனிகளுக்கு எழுதித் தருகிறவர்கள். அவர்களுக்கு என்ன வேண்டும், எப்படி வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பதுதான் மச்சான் சாரின் வேலை. நீங்களே எழுதிவிடலாமே என்று யாராவது கேட்டால் கையை ஆட்டி மறுத்துவிடுவார். "எனக்கு ஏணி தெரியும். ஏணி தெரிஞ்சவன் எழுதினா ஏணி தெரிஞ்சவனுக்குத்தான் புரியும்."

சொல்லிக்கொடுப்பதில் இவரைப் போலப் படுத்துகிறவர் இல்லை. "தரமான" என்ற சொல்லைக் கண்டால் பென்சில் தானாகவே பாயும். "தரமில்லாத ஏணின்னு எவன்மா எழுதுவான்?" "எளிதாக" என்றாலும் அடி. "எளிதா இல்லையான்னு ஏறுறவன் சொல்லட்டும்." முதலாளிக்கு ஒரு காலத்தில் "விண்ணைத் தொடும் ஏணி" என்று பெட்டியில் போட ஆசை இருந்தது. "விண்ணைத் தொட்டா எவன் அத்தான் இறங்கி வர்றது?" என்று இவர் கேட்டார். அந்த ஆசை அன்றோடு போயிற்று.

இவரிடம் வேலைக்கு வந்து ஓடிப்போனவர்கள் பலர். ஒருவர் போகும்போது, "உங்களுக்கு என் மாமியாரே தேவலாம் சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். மச்சான் சார் அதை மனதில் வைத்துக்கொள்ளவில்லை. அந்த மாமியார் என்ன வேலைக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பார் என்று விசாரிக்காமல் விட்டோமே என்றுதான் பிறகு வருத்தப்பட்டார்.

ஓடாமல் நின்றவர் ஒருவர். முப்பது வயதைக் கடந்த பெண், பட்டறையில் ரைட்டரம்மா. நின்றதற்குக் காரணம் பொறுமை அல்ல, வாய். முதல் நாளே இவருடைய பென்சில் குறிப்பைப் படித்துவிட்டு, "'பாதுகாப்பாக ஏறவும்'னு போட்டிருக்கீங்க. அது எப்படி ஏறுறது சார்? விழக் கூடாதுன்னு எல்லாருக்கும் ஆசைதான்" என்றார். மச்சான் சார் அந்த வரியைப் பார்த்தார். ரைட்டரம்மாவைப் பார்த்தார். வரியை அடித்துவிட்டு, இழுப்பறையைத் திறந்து, தமக்கென்று வைத்திருந்த பிஸ்கட் பொட்டலத்தை அவர் பக்கம் நகர்த்தினார். அதற்குப் பிறகு அவர்களுடைய பேச்சு சண்டை போலக் கேட்கும். புதிதாய் வந்த காவலாளி ஒருவர் சமாதானம் செய்ய உள்ளே ஓடி வந்திருக்கிறார்.

எழுத்து முடிந்ததும் இவரிடம் ஒரு கடைசிப் பரீட்சை உண்டு. எழுதியவர் தம் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் உள்ளபடி மட்டும் செய்து ஏணியில் ஏற வேண்டும். அப்போது மச்சான் சார் சுவரோரம் போய் நின்று, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பென்சிலைப் பல்லில் கடித்துக்கொள்வார். வாய் உதவிக்கு வந்துவிடக் கூடாது என்பதற்காக. "தாள் வேற வீட்டுக்குப் போகும்போது நான் கூடப் போக முடியாதும்மா."

புதிதாக வந்த மடக்கு ஏணிக்கு மட்டும் அந்தப் பரீட்சை தள்ளிப்போனது. ஊரெங்கும் கிளைகள் வைத்திருக்கும் ஒரு பெரிய கடைக்கு முதல் லாரி போக வேண்டும். முதலாளி ஒரு வாரமாகக் காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டவர் போலத் திரிந்தார். ரைட்டரம்மா அனுப்பிய தாளைப் பார்த்தால், இவருடைய பென்சில் குறிப்பு அப்படியே இருந்தது. ஓர் இடத்தில்கூட மாற்றவில்லை. "இந்தத் தடவை உங்க குறிப்புல கேள்வி கேக்க ஒண்ணுமே இல்ல சார்" என்று வேறு எழுதியிருந்தார். இவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பரீட்சை நடக்காமலே அச்சுக்குத் தலையை ஆட்டிவிட்டார்.

லாரி கிளம்பவேண்டிய அன்று ரைட்டரம்மா வேறு வேலையாக வந்தார். ஏணிகள் ஒவ்வொன்றிலும் தாளைச் சுருட்டிக் கட்டி லாரியில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"வந்ததுதான் வந்தீங்க, ஒரு தடவை ஏறிடுங்க" என்றார் மச்சான் சார். "குறை வைக்க வேண்டாம்."

"அச்சே ஆயிடுச்சு. இனிமே ஏறினா என்ன, ஏறாட்டி என்ன சார்?"

"எனக்குத் தூக்கம் வரணும்லம்மா."

ரைட்டரம்மா சிரித்துக்கொண்டே கைப்பையை நாற்காலியில் வைத்தார். இவர் சுவரோரம் போனார். கைகளைக் கட்டினார். பென்சிலைக் கடித்தார்.

ரைட்டரம்மா தாளைப் படித்துப் படித்துச் செய்தார். பட்டையை அவிழ்த்தார். மடிந்த பாதியைப் பிரித்து மேலே தள்ளினார். தாளில் அடுத்த வரி, "நடுக் கீலை நேராக்கவும். டக் என்ற சத்தம் கேட்டதும் பூட்டு விழுந்துவிட்டது. சுவரில் சாய்த்து ஏறலாம்." ரைட்டரம்மா கீலை மெல்ல நேராக்கினார். டக் என்றது. தாளைப் பார்த்துத் தலையசைத்துக்கொண்டார். சுவரில் சாய்த்தார். ஒரு படி, இரண்டு படி. மூன்றாவதைத் தாண்டி உடம்பின் கனம் நடுவுக்குப் போனதும், நடந்துகொண்டிருப்பவரின் முழங்கால் திடீரென்று மடிவது போல ஏணி மடிந்தது.

பென்சில் தரையில் விழுந்த சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. மச்சான் சார் பாய்ந்து ஏணியைப் பிடித்திராவிட்டால் மேல்பாதி ரைட்டரம்மாவின் தலையில் இறங்கியிருக்கும். ரைட்டரம்மா சிமெண்டுத் தரையில் மண்டியிட்டபடி கிடந்தார். முழங்கால் துணி கிழிந்து, முன்கை நெடுக உரிந்திருந்தது.

"எலும்பு? எலும்பு சரியா இருக்கா? காலை நீட்டுங்க."

"இருக்கு சார். விடுங்க, இருக்கு."

தண்ணீர் கொடுத்து உட்காரவைத்த பிறகு இவர் கேட்ட முதல் கேள்வி, கேட்டிருக்கக் கூடாத கேள்வி. "டக்குனு கேக்குறதுக்கு முன்னாடியே ஏறிட்டீங்களாம்மா?"

ரைட்டரம்மாவின் முகம் சிவந்தது. "கேட்டதுக்கு அப்புறம்தான் சார் ஏறினேன். நீங்க சொன்னபடிதான் செஞ்சேன்."

"அப்ப பூட்டு விழுந்திருக்கணுமே."

"விழுந்தது நான்தான் சார்."

மச்சான் சார் ஏணியை எடுத்தார். ஒரே வீச்சில் விரித்தார். டக்! கீல் கல்லாக நின்றது. மடக்கினார், விரித்தார். டக்! "பாருங்க. ஒரு டக். பூட்டு விழுந்தாச்சு."

"நான் அப்படி விரிக்கலை. கையைக் கடிச்சிடுமோன்னு மெதுவா விரிச்சேன்." ரைட்டரம்மா ஒரு காலை ஊன்றி எழுந்து வந்து, கீலை அங்குலம் அங்குலமாக நேராக்கினார். ஓர் இடத்தில் நிறுத்தி, "இதோ, ஒண்ணு" என்றார். இன்னும் கொஞ்சம் அழுத்தினார். "இதோ, ரெண்டு. நான் முதல் சத்தத்துல ஏறிட்டேன்."

மச்சான் சாருக்கு இரண்டாவதுதான் கேட்டது. முதலாவதில் ரைட்டரம்மாவின் உதடு அசைந்ததை மட்டும் பார்த்தார்.

ஏணிகளுக்கு ரிவிட் அடிப்பவரைக் கூப்பிட்டார். தொழிலே பெயராகி அவர் ரிவிட்டு. "எத்தனை சத்தம் கேக்குது, சொல்லு."

ரிவிட்டு தலையைச் சாய்த்துக் கேட்டார். "ஒண்ணு சார்."

"இல்லையே, முன்னாடி ஒண்ணு வந்துச்சே" என்றார் ரைட்டரம்மா.

"அதுவா? அது முள்ளு உரசுறதும்மா. பூட்டோட முள்ளு ஓட்டை வாசல்ல வந்து முட்டும். அப்புறம்தான் உள்ள போகும். அதையெல்லாம் சத்தம்னா எப்படி? அது கணக்குல வராது."

லாரி டிரைவர் தண்ணீர் பிடிக்கக் குடத்தோடு அந்தப் பக்கம் வந்தார். ஏணிக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. மச்சான் சார் அவரை நிறுத்தினார். "அண்ணே, கொஞ்சம் இதைக் கேளுங்க. எத்தனை தடவை சத்தம் வருது?"

"ரெண்டு" என்றார் டிரைவர். இவர்களுடைய முகங்களைப் பார்த்துவிட்டு, "ஏன், தப்பா சொல்லிட்டேனா?" என்றார்.

பட்டறைக்காரர்களுக்கு ஒன்று, வெளியாட்களுக்கு இரண்டு. வாங்குகிறவர்கள் எல்லாரும் வெளியாட்கள். மச்சான் சார் வெளியே பார்த்தார். லாரியில் அடுக்கிய ஒவ்வொரு ஏணியிலும், முதல் டக்கில் ஏறச் சொல்லும் தாள் ஒன்று, இவருடைய வார்த்தை பிசகாமல், சுருட்டிக் கட்டியிருந்தது.

முதலாளி கதவருகில் நின்று கடியாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன மச்சான், கூட்டம்? லாரியை எடுக்கச் சொல்லு."

"எடுக்க முடியாது அத்தான். தாளை மாத்தணும்."

முதலாளி விஷயத்தைக் கேட்டார். ரைட்டரம்மாவின் முழங்காலைப் பார்த்து உச்சுக்கொட்டினார். ஆனால் அவருடைய கணக்கு வேறு. "இன்னிக்குப் போகலைன்னா அவங்க வேற கம்பெனி ஏணியை மாட்டிக்குவாங்க. அப்புறம் நீயும் நானும் மோட்டுவளையைப் பாத்துக்கிட்டு உக்கார வேண்டியதுதான். லாரி போகட்டும். திருத்தின தாளைப் பின்னாடியே கடைக்கு அனுப்பிடலாம்."

"கடைக்காரர் பிரிச்சு உக்காந்து கட்டுவாரா?"

"எந்த ஏணியிலதான் விழல? கவனமில்லாம ஏறினா விழத்தான் செய்வாங்க மச்சான்."

"நான் கவனமாப் படிச்சுட்டுத்தான் சார் ஏறினேன்" என்றார் ரைட்டரம்மா. குரல் உயரவில்லை.

பட்டறையில் துளையிடும் இயந்திரம் நின்றிருந்தது. யாரோ வேண்டுமென்றே நிறுத்தியிருக்க வேண்டும்.

மச்சான் சார் மேசையிலிருந்து பேனாக்கத்தியை எடுத்துக்கொண்டு வெளியே போய், லாரியின் பின்பலகையைப் பிடித்து ஏறினார். முதல் ஏணியின் கயிற்றை அறுத்துத் தாளை உருவிக் கீழே போட்டார். அடுத்ததை அறுத்தார்.

"மச்சான், இறங்கு" என்றார் முதலாளி. "நான் சொல்றேன், இறங்கு. இது என் கம்பெனி."

கயிறு அறுபடும் சத்தம்தான் பதில்.

"உங்க அக்கா முகத்துக்காகப் பாக்குறேன். இன்னொரு கயித்தை அறுத்தே, நாளையிலிருந்து நீ இங்க வர வேண்டாம்."

மச்சான் சாரின் கை ஒரு கணம் நின்றது. ரிவிட் துப்பாக்கி பிடித்த காலத்திலிருந்து அவருக்கு வேறு வாசல் தெரியாது. கத்தியைப் பார்த்தார். அடுத்த கயிற்றுக்கு அடியில் கத்தியை நுழைத்தார். "நாளைக்கு வரலை அத்தான். இன்னிக்கு இதை முடிச்சுட்டுப் போயிடுறேன்."

முதலாளி திரும்பி விறுவிறுவென்று உள்ளே வந்தார். கோபத்தில், ரைட்டரம்மா அருகில் இருந்த ஏணியைப் பிடுங்கி ஒரே வீச்சில் விரித்தார். டக்! "ஒண்ணுதானே? ஊரெல்லாம் ஒண்ணு கேக்குது, உங்களுக்கு மட்டும் ரெண்டா?"

"மெதுவா விரிங்க சார்" என்றார் ரைட்டரம்மா. "உங்க ஏணி மாதிரி இல்லாம, இப்பத்தான் வாங்கின மாதிரி. கொஞ்சம் பயத்தோட."

யாருக்காகவோ நிரூபித்துக் காட்டுகிறவர் போல முதலாளி மெல்ல விரித்தார். ஓர் இடத்தில் அவருடைய புருவம் அசைந்தது. அங்கேயே நிறுத்தி, ஏணியைச் சுவரில் சாய்த்து, நடுப்படியில் செருப்புக் காலை வைத்து அழுத்தினார். கீல் வளைந்து உள்ளே போனது. காலை எடுத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் அந்தப் படியையே பார்த்தபடி நின்றார். பிறகு தொலைபேசியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். "இல்லைங்க, லாரியில கோளாறு இல்ல... எங்க தாள்லதான்... ஆமாங்க, தாள்ல" என்று அவர் சொல்வது உள்ளே கேட்டது. திரும்பி வந்து யாரையும் பார்க்காமல் சொன்னார்: "கடை மூடுறதுக்குள்ள இறக்கினா எடுத்துக்குவாங்களாம். இல்லைன்னா வேண்டாமாம்."

நேரம் கழுத்தைப் பிடித்தது. ரிவிட்டும் மற்றவர்களும் கயிறு அறுக்க லாரிக்குப் போனார்கள். மச்சான் சார் இறங்கி வந்து மேசையில் உட்கார்ந்தார். ரைட்டரம்மா முன்கையில் துணியைச் சுற்றிக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார்.

"எழுதுங்கம்மா. 'இரண்டாவது டக் கேட்டதும் ஏறவும்.'"

"தெருவுல பஸ் போகும் சார். வீட்டுல குழந்தை அழும். காது கேக்காதவங்க வாங்குவாங்க. எது ஒண்ணு, எது ரெண்டுன்னு எப்படித் தெரியும்?"

"சரி. 'பூட்டு விழுந்ததா என்று உறுதி செய்துகொள்ளவும்.'"

ரைட்டரம்மா பென்சிலைக் கீழே வைத்தார். "இதை நான் எழுதிட்டு வந்திருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

அடித்திருப்பார். எப்படி உறுதி செய்வது என்று ஓரத்தில் கேட்டிருப்பார். மச்சான் சார் இரண்டு கைகளாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டார். வெளியே டிரைவர் இயந்திரத்தை ஒருமுறை உறுமவிட்டு அணைத்தார். "அப்ப நான் எப்படித்தாம்மா சொல்றது?"

"சொல்லாதீங்க. செய்யுங்க. நான் பாக்குறேன்."

இவர் எழுந்து விரித்தார்.

"மெதுவா."

மெதுவாக விரித்தார்.

"மறுபடி."

மறுபடி விரித்தார். ரைட்டரம்மா ஏணியைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தார். "இடது கை கடைசியில எங்க போச்சு?"

"எங்கயும் போகலையே."

"போச்சு. கீல் பக்கம். மறுபடி பண்ணுங்க."

விரித்தார். கீல் நேராகி நின்றதும் இடது கட்டைவிரல், தூசி தட்டுவது போல, பூட்டின் ஓரத்தை ஒருமுறை தடவிவிட்டு வந்தது.

"அங்க! அது என்ன?"

"அது... அது ஒண்ணுமில்லம்மா. தூசி இருக்கும்னு..."

"தூசி தட்டல சார். முள்ளு உள்ள போயிடுச்சான்னு பாக்குறீங்க. முதல் சத்தத்துல நிறுத்திட்டுத் தடவுங்க."

நிறுத்தினார். தடவினார். பூட்டின் வாசலில் முட்டிக்கொண்டு நின்ற முள், நெல்லளவு வெளியே நீட்டி விரலை இடித்தது. அழுத்திவிட்டுத் தடவினார். வழவழவென்று இருந்தது. மச்சான் சார் தம் கட்டைவிரலை, அடுத்தவர் விரலைப் பார்ப்பது போலப் பார்த்தார். ரிவிட்டைக் கூப்பிட்டு விரிக்கச் சொன்னார்கள். அவருடைய விரலும் போய்த் தடவிவிட்டு வந்தது. ஏன் தடவினாய் என்று கேட்டதற்கு, "நானா?" என்றார். பட்டறையில் எல்லாருடைய விரலும் அதைச் செய்திருக்கிறது. ஒருவர் வாயும் அதைச் சொன்னதில்லை.

ரைட்டரம்மா குனிந்து எழுதினார். உரிந்த கையைத் தாளில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு எழுதினார்.

"நடுக் கீலை நேராக்குங்கள். சத்தத்தை நம்பி ஏறாதீர்கள். கீலின் இரண்டு பக்கமும் சிறிய முள் இருக்கிறது, கட்டைவிரலால் தடவுங்கள். விரலில் முள் இடித்தால் பூட்டு விழவில்லை. இன்னும் அழுத்துங்கள், மறுபடி தடவுங்கள். இரண்டு பக்கமும் வழவழப்பாக இருந்த பிறகே சுவரில் சாய்த்து ஏறுங்கள்."

மச்சான் சார் படித்தார். பென்சில் தாளின்மேல் அலைந்தது. இறங்கவில்லை. "யாரு ஏறுறது?" என்று மட்டும் கேட்டார்.

பட்டறைக்காரர்கள் ஆக மாட்டார்கள். ரைட்டரம்மாவுக்கும் இப்போது தெரிந்துவிட்டது. மிச்சம் டிரைவர்தான்.

"ஐயோ, எனக்கு உயரம்னாலே ஆகாது சார்" என்றார் அவர். "லாரி மேலயே கிளீனரைத்தான் ஏத்துவேன்."

"அப்ப நீங்கதான் வேணும்ணே" என்றார் மச்சான் சார்.

டிரைவர் வரிகளுக்குக் கீழே விரலை ஓட்டி, சத்தமாகப் படித்தார். எல்லாரும் சுவரோரம் நின்றார்கள். முதலாளியும் நின்றார். டிரைவர் கீலை நேராக்கினார். டக் என்றது. அவருடைய வலக்கால் தானாகத் தரையைவிட்டு எழுந்தது. ரைட்டரம்மா கண்ணை மூடிக்கொண்டார். மச்சான் சார், தம் முகம் எதையும் காட்டிக்கொடுத்துவிடக் கூடாது என்று தரையைப் பார்த்துக்கொண்டார்.

கால் கீழே இறங்கியது. "சத்தத்தை நம்பாதேன்னு போட்டிருக்கே" என்று டிரைவர் தமக்குத்தாமே முணுமுணுத்தார். தடவினார். "இடிக்குது" என்று நிமிர்ந்து பார்த்தார். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. தாளைப் பார்த்தார். அழுத்தினார். இன்னொரு டக். தடவினார். சுற்றி வந்து மறுபக்கமும் தடவினார். சுவரில் சாய்த்து, இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு ஏறினார். நடுவைத் தாண்டினார். ஏணி அசையவில்லை.

"போதுமா சார்?" என்று மேலேயிருந்து குரல் வந்தது. "எப்படி இறங்குறதுன்னு ஒண்ணும் எழுதலையே?"

ரைட்டரம்மா சிரித்துவிட்டார். மச்சான் சார் பாய்ந்து பென்சிலை எடுத்தார். "மச்சான்!" என்று முதலாளி போட்ட சத்தத்தில் அதை வைத்துவிட்டார்.

நகல் இயந்திரம் தாளைத் தள்ளத் தள்ள, ரைட்டரம்மா சுருட்ட, ரிவிட்டு கட்ட, ஆட்கள் கைமாற்றி லாரியில் ஏற்றினார்கள். முதலாளியே சட்டைக் கையை மடித்துக்கொண்டு வரிசையில் நின்றார். கயிறு தீர்ந்துபோனபோது, "மச்சான், அந்த அலமாரியில இன்னொரு உருண்டை இருக்கும், எடு. நாளைக்கு வந்ததும் புதுசு வாங்கணும்னு ஞாபகப்படுத்து" என்றார். மச்சான் சார் கயிற்றை எடுத்துக் கொடுத்தார்.

வெயில் சரிந்து பட்டறைச் சுவரில் பாதிக்கு ஏறியிருந்தது. கடைசி ஏணி மச்சான் சாரின் கையில் இருந்தது. லாரியின் பின்பலகையருகே நின்ற டிரைவர் கையை நீட்டினார். "குடுங்க சார், நேரமாச்சு."

மச்சான் சார் ஏணியைத் தூக்கினார். பாதி தூக்கியவர் மறுபடி தரையில் நிறுத்தி, கட்டிய கயிற்றைத் தளர்த்தினார். கீலைக் காதருகே வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, கைக்குழந்தையின் விரலைப் பிரிப்பது போல மெல்ல மெல்ல நேராக்கினார். ரைட்டரம்மாவுக்கும் டிரைவருக்கும் முதல் டக் கேட்டது. இவருடைய கை நிற்காமல் போனது. மடக்கினார். மறுபடி காதருகே வைத்து விரித்தார். இந்தமுறை முதல் டக்கில் கை நின்றது.

மடக்கி, கயிற்றை இறுக்கிக் கட்டி, தாள் கசங்காதபடி மேலே திருப்பிப் பிடித்து, ஏணியை டிரைவரின் கையில் கொடுத்தார்.